நல்ல கிருமியும் தீய கிருமியும்: மெச்னிக்கோவ் நூல் - ஒரு திறனாய்வு

மனிதனை மூப்பும் நோயும் விரைந்து வந்து பற்றுவதற்குக் காரணமானவை அவனுடைய குடலிலேயே குடியிருக்கின்றன என்று கூறி உலகைத் திடுக்கிட வைத்த நூல் ஒன்று 1907ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்து வெளிவந்தது. இலியா மெச்னிக்கோவ் என்னும் ருசிய அறிஞர் பிரெஞ்சு மொழியில் எழுதிய அந்நூலை, 'வாழ்நாளை நீட்டித்தல்' என்று பொருள்படும் பெயருடன் சால்மர்ஸ் மிட்செல் என்பார் ஆங்கிலத்தில் தந்தார். புளித்த பாலை உண்டால் நெடுநாள் வாழலாம் என்னும் எண்ணம் மேலை நாடுகளில் பரவியதற்கு இந்நூல் ஒரு பெருங்காரணம். இன்று கடைகளில் சிறு புட்டிகளில் அடைத்து விற்கப்படும் பால் பானங்களின் விளம்பரங்களில் கேட்பதும் இந்நூலின் எதிரொலியே.

நூறு ஆண்டுகளுக்கு மேல் வழக்கில் இருந்துவரும் ஒரு கருத்தை எடைபோட்டுப் பார்ப்பது வீண் வேலையன்று. அதனை நம்பிப் பொருளைச் செலவிட்டோர் பலர்; ஒரு காலத்தில் அதன் பெயரால் உடலுறுப்பையே இழந்தோரும் உண்டு. ஆகவே, நூலில் நிலைத்து நிற்பது எது, வீழ்ந்தது எது, அறிஞர் வழுக்கிய இடம் எது என்பவற்றை முறையாக ஆராய்தல் வேண்டும்.

ஆசிரியரின் தகுதி

மெச்னிக்கோவ் எளியவர் அல்லர். 1845இல் கார்கிவ் பகுதியில் பிறந்த அவர், 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் இளம் உயிரிகளை ஆராய்ந்தபோது, உடலுக்குள் புகும் அயற்பொருளைச் சூழ்ந்து விழுங்கும் உயிரணுக்களைக் கண்டார். நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலுக்குள்ளேயே உண்டு என்பதற்கு அது பெருஞ்சான்றாயிற்று. 1888 முதல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றினார். 1908இல் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1916இல் மறைந்தார். இத்தகைய ஒருவர் எழுதிய நூல் என்பதாலேயே அதன் பிழையும் நெடுந்தொலைவு சென்றது.

நூல் கூறுவது யாது?

நூலின் வாதம் எளியது. மனிதனுடைய பெருங்குடல் பயனற்ற உறுப்பு. அது கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டி. அத்தொட்டியில் அழுகற் கிருமிகள் பெருகுகின்றன. அவை பீனால், இண்டோல் முதலிய நஞ்சுகளை ஆக்குகின்றன. அந்நஞ்சுகள் குருதியிற் கலந்து இரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்து முதுமையை விரைவில் கொணர்கின்றன. பெருங்குடல் நீண்ட பாலூட்டிகள் விரைந்து மூப்பதையும், அது மிகச் சிறுத்த பறவைகள் நெடுநாள் வாழ்வதையும் ஆசிரியர் ஒப்பிட்டுக் காட்டுகிறார்.

இதற்கு அவர் கூறும் மாற்று என்ன? பால் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் அழுகலைத் தடுக்கிறது. ஆதலின், அவ்வமிலத்தை ஆக்கும் கிருமிகளைக் குடலிற் குடியேற்றினால் அழுகற் கிருமிகள் ஒடுங்கும். பல்கேரிய நாட்டு உழவர் புளித்த பாலை நாள்தோறும் உண்டு நீண்ட ஆயுளுடன் வாழ்கின்றனர் என்பதைச் சான்றாகக் கூறுகிறார். அப்பாலில் உள்ள கிருமியை 1905இல் கண்டு கூறியவர் ஜெனீவாவில் பயின்ற ஸ்டாமன் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மாணவர்.

நூல் இத்துடன் நில்லாது முதுமை, இறப்பு, மனச்சோர்வு, கெதேயின் 'பௌஸ்ட்' நாடகம் என்று விரிந்து செல்கிறது. உலகை வெறுத்தற்குக் காரணம் இல்லை, அறிவியல் வாழ்வைத் திருத்தும் என்னும் நம்பிக்கை எங்கும் இழையோடுகிறது. எழுத்து தெளிவானது; கருத்து துணிவானது. கிருமி என்றாலே நோய் என்று உலகம் அஞ்சிய காலத்தில், கிருமிகளிலும் உதவுவன உண்டு என்று உரக்கக் கூறிய பெருமை இந்நூலுக்கு உரியது.

சான்றுகளின் வலிமை

ஆயினும் துணிவு வேறு, சான்று வேறு. பல்கேரியச் சான்றையே முதலில் நோக்குக. பிறப்புப் பதிவேடு ஒழுங்காக இல்லாத நாட்டுப்புறங்களில் முதியோர் கூறும் வயது பெரும்பாலும் மிகைப்பட்டதாகவே இருக்கும். அவ்வுழவர் நெடுநாள் வாழ்ந்தனர் என்றே கொண்டாலும், உழைப்பா, தூய காற்றா, எளிய உணவா, புளித்த பாலா, எது காரணம் என்று பிரித்தறிய நூலில் வழி இல்லை.

அடுத்து, கண்ணாடிக் குடுவையில் நிகழ்வது குடலிலும் நிகழும் என்று கொண்டது. குடுவைப் பால் புளித்தால் அழுகாது என்பது உண்மை. ஆனால் வாய்வழிச் செல்லும் கிருமி முதலில் இரைப்பையின் அமிலத்தைக் கடக்க வேண்டும். பின்னர்ப் பித்தநீரைக் கடக்க வேண்டும். அதன் பின்னரே, முன்பே ஊன்றி நிற்கும் கோடானுகோடிக் கிருமிகளிடையே இடம் தேட வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெட்கர், செப்லின் என்னும் இருவரும் 1921இல் வெளியிட்ட ஆய்வில், பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் வேரூன்றுவதில்லை என்று காட்டினர். நூலின் மருந்து அன்றே ஆட்டங்கண்டது.

பெருங்குடல் பயனற்றது என்னும் கூற்றோ தீமையே விளைத்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கலால் வருந்தியோரின் பெருங்குடலை வெட்டியெடுக்கும் சிகிச்சையில் ஈடுபட்டார். குடல் நஞ்சு பற்றிய அக்காலக் கொள்கை அதற்குத் துணை நின்றது. ஆனால் உண்மை வேறு. செரிக்காத நாரையும் மாவையும் பெருங்குடற் கிருமிகள் புளிக்கவைத்துச் சில சிறு கொழுப்பு அமிலங்களை ஆக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான உணவு. தொட்டி என்று இகழப்பட்ட இடம் உண்மையில் ஓர் அடுக்களை.

நேர்மையுடன் ஒன்றைக் கூறியாக வேண்டும். குடற் கிருமிகள் ஆக்கும் பொருள் இரத்தக் குழாய்களைக் கெடுக்கக்கூடும் என்னும் அவருடைய எண்ணம் முழுப்பொய்யன்று. முட்டை, இறைச்சி முதலியவற்றில் உள்ள ஒரு பொருளைக் குடற் கிருமிகள் உருமாற்ற, கல்லீரல் அதை மேலும் மாற்ற, அவ்வாறு பிறக்கும் சேர்மம் இரத்தக் குழாய் நோயுடன் தொடர்புடையது என்று 2011இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். அறிஞரின் ஐயம் சரியான திசையையே நோக்கியது. அவர் அளித்த தீர்ப்புத்தான் பிழைத்தது.

அடிப்படைப் பிழை

இவையெல்லாம் கிளைகள், வேர் இனித்தான் வருகிறது. கிருமிகளுக்கு மாறாத குணம் உண்டு என்று நூல் கருதுகிறது. புளிப்பூட்டும் கிருமி நல்லது. அழுகற் கிருமி தீயது. நல்லதை ஏற்றித் தீயதை ஓட்டினால் போதும். இது நாடகத்திற்குப் பொருந்தும், குடலுக்குப் பொருந்தாது. கிருமி தான் வாழும் குடலின் நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வீட்டார் நோயுற்றால், சினந்தால், அஞ்சினால், பட்டினி கிடந்தால், உள்ளே குடியிருப்பவையும் அதற்கேற்ப நடக்கின்றன.

எஷரிச்சியா கோலி என்னும் கிருமியை எடுத்துக்கொள்ளலாம். 1885இல் தியோடர் எஷரிச் குழந்தைகளின் மலத்தில் இதனைக் கண்டார். நலமுள்ள குடலில் இது சிறுபான்மைக் குடி. அங்கே உயிர்க்காற்று மிகக் குறைவு. அது இன்றி வாழப் பழகிய வேறு கிருமிகளே பெரும்பான்மை. குடலில் அழற்சி நேரும்போது நிலைமை தலைகீழாகிறது. அழற்சியுற்ற சுவர் நைட்ரேட் என்னும் உப்பைப் பெருக விடுகிறது. உயிர்க்காற்றுக்கு ஈடாக அந்த நைட்ரேட்டைக் கொண்டு மூச்சுவிட எஷரிச்சியா கோலிக்குத் தெரியும். பெரும்பான்மைக் கிருமிகளுக்கு அது இயலாது. எனவே சிறுபான்மை பெரும்பான்மையாகிறது. 2013இல் எலிகளை வைத்து இது மெய்ப்பிக்கப்பட்டது. 2010இலேயே, சால்மனெல்லா என்னும் நோய்க்கிருமி, தானே தூண்டிய அழற்சியில் பிறக்கும் டெட்ராதயனேட் என்னும் கந்தகச் சேர்மத்தைக் கொண்டு இவ்வாறே தழைப்பது தெரியவந்தது. நோயை மூட்டி, அந்நோயின் விளைவையே உணவு வழிக்குத் துணையாகக் கொள்ளும் சூழ்ச்சி அது!

இங்கே எஷரிச்சியா கோலி நல்லதா, தீயதா? வினாவே பொருந்தாது. அமைதியான குடலில் அடங்கிக் கிடந்த குடி, கலகம் நேர்ந்தபோது தலையெடுத்தது. கலகத்தை அடக்காமல் அக்குடியை மட்டும் விரட்டினால், காலியான இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

சினமும் அச்சமும்

மன உளைச்சலின் செய்தி இன்னும் வியப்பானது. அச்சமும் வலியும் மனிதனைப் பற்றும்போது நரம்பு முனைகள் நோரட்ரினலின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. குடற் சுவரிலும் அத்தகைய நரம்புகள் உண்டு. மார்க் லைட் என்னும் அமெரிக்க ஆய்வாளர், இப்பொருளைச் சேர்த்தால் எஷரிச்சியா கோலி போன்ற கிருமிகள் சோதனைக் குழாயில் மிக விரைந்து பெருகுவதை 1992இல் வெளியிட்டார். கிருமி வளர இரும்புச் சத்து வேண்டும். மனித உடலோ அதைப் புரதத்துடன் பிணைத்துப் பூட்டி வைக்கிறது. அப்பூட்டைத் தளர்த்த நோரட்ரினலின் கிருமிக்கு உதவுகிறது என்று பின்னர் விளங்கிற்று. குருதிப்போக்கை உண்டாக்கும் ஒருவகை எஷரிச்சியா கோலி, மனிதனின் அட்ரினலினை உணரும் கருவியைத் தன் மேற்புறத்திலேயே கொண்டுள்ளது என்பது 2006இல் அறியப்பட்டது. வீட்டாரின் கலக்கத்தைக் குடியிருப்பு ஒட்டுக்கேட்கிறது என்றே கூறலாம்.

மனிதரிடத்தில் இச்செய்தி எந்த அளவுக்கு உண்மை என்பதில் நிதானம் தேவை. 1976இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கடுஞ்சினமும் அச்சமும் உற்ற காலத்தில் ஒருசிலர் மலத்தில் பாக்டீராய்டஸ் இனக் கிருமி ஒன்று மிகுந்ததைக் குறித்தது. ஆயினும் ஆய்வாளர் அதனை 'இருக்கக்கூடும்' என்ற அளவில் மட்டுமே கூறினர். 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தார் எதிர்த்திசையிலும் வழி உண்டு எனக் காட்டினர். கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள், அடைத்து வைக்கப்பட்டபோது இயல்புக்கு மிஞ்சிக் கலங்கின. இளமையிலேயே ஒருவகைக் கிருமியைக் குடியேற்றியபோது அம்மிகை தணிந்தது. எலிக்கு நிகழ்ந்தது மனிதனுக்கும் அப்படியே நிகழும் என்று கொள்வது, குடுவையைக் குடலாகக் கொண்ட மெச்னிக்கோவின் பிழையையே மீண்டும் செய்வதாகும்.

பரம்பரையும் மாறுகிறது

கிருமிகள் நடத்தையை மட்டும் அன்றி மரபணுவையே மாற்றிக்கொள்கின்றன. கடற்பாசி உண்ணும் ஜப்பானியரின் குடற் கிருமி ஒன்று, அப்பாசியைச் செரிக்கும் மரபணுவைக் கடல்வாழ் கிருமியிடமிருந்து பெற்றிருப்பதை 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர் கண்டனர். 2019இல், நலமுள்ள 12 பேரின் குடலில் வாழ்ந்த பாக்டீராய்டஸ் பிராஜிலிஸ் என்னும் கிருமியை ஆராய்ந்தபோது, ஒவ்வொருவர் குடலிலும் அது தனித்தனியே மாறி வளர்ந்திருப்பது புலனாயிற்று. ஒரே பெயருடைய கிருமி இருவர் வயிற்றில் ஒன்றன்று.

'நல்ல கிருமி' என்னும் சொல்லை அசைக்கும் சான்று ஒன்று ஜெர்மனியில் கிடைக்கிறது. முதல் உலகப்போரின்போது, வயிற்றுக் கடுப்பு பரவிய இடத்தில் நோயுறாமல் தப்பிய ஒரு படைவீரரின் மலத்திலிருந்து எஷரிச்சியா கோலியின் ஒருவகையை ஆல்பிரட் நிஸ்லே 1917இல் பிரித்தெடுத்தார். அது இன்றளவும் மருந்தாக வழங்குகிறது. ஆனால் அதே வகையினிடத்தில், மரபணு இழையைச் சேதப்படுத்தவல்ல கோலிபாக்டின் என்னும் பொருளை ஆக்கும் மரபணுத் தொகுதியும் இருக்கிறது! அத்தகைய தொகுதியுடைய எஷரிச்சியா கோலி விட்டுச்செல்லும் தழும்பு, சில பெருங்குடற் புற்றுநோய்களில் காணப்படுவதாக 2020இல் நெதர்லாந்து ஆய்வாளர் வெளியிட்டனர். அம்மருந்து எவருக்கும் புற்றுநோய் தந்தது என்று இதனாற் கூறிவிட முடியாது. ஆயின் ஒரே கிருமியின் கையில் மருந்தும் கத்தியும் இருக்கும்போது அதனை நல்லது என்று முத்திரை குத்துவது எங்ஙனம்?

மறந்துபோன பாடம்

இவையெல்லாம் பின்னாளில் வந்த செய்திகள். 1907இல் எழுதியவரை இவற்றைக் கொண்டு குறைகூறலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் இப்பாடத்தின் முதற் பக்கத்தைப் படித்தவரே மெச்னிக்கோவ்தாம்.

1892இல் காலரா ஐரோப்பாவைத் தாக்கியபோது, அவர் காலராக் கிருமியைத் தாமே விழுங்கிப் பார்த்தார், ஒன்றும் நேரவில்லை. பின்னர் அதே சோதனைக்கு முன்வந்த ஒருவர் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். ஒரே கிருமி ஒருவருக்கு நோய் தந்தது, மற்றவருக்குத் தரவில்லை. ஏன்? குடலில் முன்பே குடியிருக்கும் மற்றக் கிருமிகள் காலராக் கிருமியைத் தடுக்கவோ தூண்டவோ செய்கின்றன என்று அவர் கருதினார். அவ்வாறே சோதனைக் கிண்ணங்களிலும் கண்டார். கிருமியின் செயல் அதன் பெயரில் இல்லை, அது சேர்ந்த கூட்டத்தில் இருக்கிறது என்பதன்றோ இதன் பொருள்? இவ்வரிய உண்மையைக் கையில் வைத்திருந்தவர், பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய நூலில் அதனை நெகிழவிட்டு, ஒரு கிருமியைக் காவலனாகவும் மற்றவற்றைக் கள்வராகவும் ஆக்கிவிட்டார். மூப்பை வெல்லும் ஆசை அறிவை முந்திக்கொண்டது. நூலின் மீது வைக்கத்தக்க பெருங்குற்றம் இதுவே.

அவர் கைவிட்ட வழியில் சென்றோர் கண்ட பயனைப் பார்த்தால் இக்குற்றம் இன்னும் தெளிவாகும். 2014இல், டாக்கா நகரில் காலராவிலிருந்து மீண்டவர்களை ஆராய்ந்தோர், குடற்குடிகள் ஓர் ஒழுங்கு வரிசையில் திரும்பி வருவதையும், அவற்றுள் ருமினோகாக்கஸ் ஓபியம் என்னும் கிருமி காலராக் கிருமியைக் கட்டுப்படுத்துவதையும் கண்டனர். தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து பி. எஸ். ராமகிருஷ்ணாவும் உடனாய்வாளரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் சிறப்பு. காலராவுற்ற 48 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்பு - சர்க்கரை நீருடன் சிறுகுடலில் செரிக்காத சோளமாவையும் கலந்து தந்தனர். அம்மாவு பெருங்குடலை அடைந்து, அங்குள்ள கிருமிகளால் கொழுப்பு அமிலங்களாகி, உப்பையும் நீரையும் உடல் ஈர்த்துக்கொள்ளத் துணைபுரிந்தது. வழக்கமான நீரை மட்டும் பெற்றோருக்குச் சுமார் 91 மணி நேரம் நீடித்த பேதி, இவர்களுக்குச் சுமார் 57 மணி நேரத்தில் நின்றது. புதுக்கிருமி எதனையும் புகுத்தவில்லை, எதனையும் விரட்டவுமில்லை. இருக்கும் குடிகளுக்கு உகந்த உணவைக் கொடுத்தார்கள், அவ்வளவே. பயனற்றது என்று மெச்னிக்கோவ் தீர்ப்பளித்த பெருங்குடலே அங்குத் துணை நின்றது.

2013இல் ஆம்ஸ்டர்டாமில் நிகழ்ந்த ஆய்வும் இதற்கு இனமானது. கிருமிக்கொல்லி மருந்துகளால் குடற்குடிகள் அழிந்து, குளோஸ்டிரிடியம் டிபிசில் என்னும் கிருமியால் மீண்டும் மீண்டும் பேதியுற்ற 16 பேருக்கு, நலமுள்ளவரின் குடற்குடி முழுவதையும் மலக்கரைசலாகச் செலுத்தினர். முதல் முறையிலேயே 13 பேர் குணமடைந்தனர். வான்கோமைசின் மருந்தை மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேரே குணமடைந்தனர். வென்றது தனியொரு வீரனல்லன், முழுச் சமுதாயமே.

இன்றைய வணிகம்

மெச்னிக்கோவின் பிழை அவருடன் மறையவில்லை. புட்டியிலும் மாத்திரையிலும் அடைக்கப்பட்ட ஒன்றிரண்டு கிருமிகள் எல்லாருடைய வயிற்றையும் மனத்தையும் சீராக்கும் என்று இன்றும் கூறப்படுகிறது. கிருமிக்கொல்லி மருந்து உண்டவர் இவற்றை உட்கொண்டால் இழந்த குடிகள் விரைந்து திரும்பும் என்பது பரவலான நம்பிக்கை. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தார் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாக இருந்தது: புகுத்தப்பட்ட கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இயல்பான குடிகள் திரும்புவதைத் தாமதப்படுத்தின. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகள், குறைமாதக் குழந்தைகள் முதலிய ஒருசில நிலைகளில் குறிப்பிட்ட வகைகளை ஏற்றன. பெரும்பாலான வயிற்று நோய்களுக்கு, ஆய்வுக்கு வெளியே இவற்றைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றே முடிவு செய்தன.

இதனால் தயிரும் மோரும் தீயவை என்பதன்று. அவை நல்ல உணவுகள். உணவாக உண்ணத் தடையில்லை. மருந்து என்று பெயர் சூட்டும்போதுதான் கணக்குக் கேட்க வேண்டியுள்ளது. நாட்பட்ட குடல்நோயால் வருந்தும் ஒருவர் புட்டியை நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதித்தால், இழப்பு பணத்தோடு நின்றுவிடாது.

முடிவுரை

வழி திறந்த நூல் என்ற வகையில் மெச்னிக்கோவின் ஆக்கம் போற்றத்தக்கது. வழிகாட்டும் நூலாகக் கொள்ளத்தக்கதன்று. குடலையும் மூப்பையும் மனநிலையையும் ஒரே கண்ணோட்டத்தில் இணைத்துப் பார்த்தது அதன் பெருமை. மாறிக்கொண்டே இருக்கும் உயிர்க்கூட்டத்திற்கு மாறாத நற்சான்றிதழும் குற்றப்பத்திரிகையும் வழங்கியது அதன் சிறுமை.

எக்கிருமி நல்லது என்று கேட்பதை விட்டு, எந்நிலையில் அது நலம் செய்கிறது, எந்நிலையில் கேடு செய்கிறது என்று கேட்பதே இன்றைய அறிவியல் காட்டும் வழி. உண்ணும் உணவு, உட்கொள்ளும் மருந்து, உற்ற நோய், உள்ளத்தின் கலக்கம் ஆகிய யாவும் அவ்விடைக்குள் அடங்கும். 1892இல் காலராவை விழுங்கி உயிர் தப்பிய மெச்னிக்கோவ் இவ்வினாவின் வாயிலில் நின்றார். 1907இல் நூல் எழுதிய மெச்னிக்கோவ் அவ்வாயிலைக் கடந்து உள்ளே செல்லவில்லை. முன்னவரிடம் கற்று, பின்னவரிடம் விழிப்பாயிருத்தலே இந்நூலைப் படிப்போர் செய்யத்தக்கது.